ஆற்றில் முங்கிப் பழகியவர்களுக்கு: பவளப்பாறையில் முதல் ஸ்கூபா

திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறையில் நீச்சல் படித்தவர்களுக்கு இரண்டு பழக்கம் உடம்பிலேயே ஊறியிருக்கும். முங்கும்போது மூச்சை அடக்குவது ஒன்று. தடுமாறினால் காலால் தரையைத் தேடுவது இன்னொன்று. கசம் என்கிற ஆழமான பள்ளத்துப் பக்கம் போகிற பையனிடம் கரையிலிருந்து பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "கால் எட்டுதாலே?" என்பதுதான். தாமிரபரணியில் இந்த இரண்டும் உயிரைக் காப்பாற்றும். ஸ்கூபா என்று முதுகில் காற்றுச் சிலிண்டரோடு பவளப்பாறைக்கு மேலே மிதக்கும்போது இந்த இரண்டும்தான் வினை. முதல் பழக்கம் நுரையீரலைக் கிழித்துவிடும். இரண்டாவது பவளத்தை உடைக்கும், உங்கள் காலையும் பதம் பார்க்கும்.

நான் இரண்டையும் மறக்கக் கற்றுக்கொண்டது தாமதமாகத்தான். அதற்குள் ஒரு பவளக்கிளையை உடைத்து, கணுக்காலில் ஒரு தழும்பையும் வாங்கிவிட்டேன். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக ஸ்கூபா பழக நினைப்பவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும், எதில் அவசரப்படக் கூடாது என்பதை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கே பழகுவது, எங்கே இறங்கக் கூடாது

பவளப்பாறை என்றாலே அந்தமானுக்கு டிக்கெட் பார்ப்பவர்கள்தான் நம்மிடம் அதிகம். ஆனால் சமாச்சாரம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் கரையை ஒட்டி 21 தீவுகள். அவற்றில் தூத்துக்குடிக்கு எதிரே இருப்பவை வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என்று நான்கு. சல்லி என்றால் உடைந்த பவளக்கல். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. விலாங்குச்சல்லியை இப்போது தேடினால் தண்ணீருக்குள்தான் தேட வேண்டும். சுண்ணாம்பு சுடவும் வீடு கட்டவும் பல வருடம் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அலையை வாங்கிக்கொள்ளப் பாறை இல்லாமல் போனதும் தீவின் மணல் கரைந்துவிட்டது. வான் தீவும் அதே வழியில் தேயத் தொடங்கியபோது சுற்றிலும் கான்கிரீட் அமைப்புகளை இறக்கித் தடுக்க வேண்டியதாயிற்று.

இந்தத் தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அதாவது முண்டந்துறைக் காட்டுக்குள் நினைத்தபோது நுழைய முடியாதது போலத்தான் இதுவும். வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைப்பதோ அங்கே முங்குவதோ குற்றம். "தெரிஞ்ச ஆள் வள்ளம் வச்சிருக்காரு, அதிகாலையில போய்ட்டு வந்துரலாம்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். மாட்டினால் வள்ளம் அவருடையது, தொழில் அவருடையது. நீங்கள் அபராதம் கட்டிவிட்டு ஊருக்கு வந்துவிடுவீர்கள், அவர் நாளைக்கும் அதே கடலில்தான் பிழைக்க வேண்டும். பவளம் 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்குப் பக்கத்து இடம். செத்துக் கரையொதுங்கிய துண்டைக் கூட ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். கடலட்டையும் கடல்குதிரையும் அப்படியே.

பூங்காவுக்கு வெளியே என்ன இருக்கிறது? மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் கடலடிப் பாறைகள். புன்னைக்காயல் பக்கம் திட்டுத் திட்டாகப் பவளம் பிடித்த பார்கள் உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே ஆழத்தில் கிடக்கும் முத்துப்பார்கள் தலைமுறை தலைமுறையாகப் பெயர் வைத்து அழைக்கப்படுபவை. அவை புதியவர்களுக்கு இல்லை. துறைமுகத்துக்குக் கப்பல் போகும் வழியும் உங்களுக்கு இல்லை.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். படிப்பதைப் பயிற்சி மையம் இருக்கும் ஊரில் படியுங்கள். நமக்குப் பக்கம் கோவளம், திருவனந்தபுரத்துக் கோவளத்தைச் சொல்கிறேன். அதைவிட்டால் புதுச்சேரி, அந்தமான். சான்றிதழும் நாலைந்து முறை கடலில் இறங்கிய பழக்கமும் கையில் வந்த பிறகு, நம் கரையில் அனுமதியோடு அழைத்துப் போகிறவர்கள் யார் என்று விசாரியுங்கள். "அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்க அண்ணாச்சி" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். வைத்திருப்பவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

இதில் இன்னொரு உண்மையும் உண்டு. தீவுகளைச் சுற்றியுள்ள பவளம் பெரும்பாலும் இரண்டு ஆள் ஆழத்துக்குள் இருப்பது. சில இடத்தில் இடுப்பளவுதான். அதைப் பார்க்கச் சிலிண்டரே வேண்டியதில்லை. முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும், அதைத்தான் ஸ்நார்க்கல் என்கிறார்கள். ஸ்கூபா மேல்தான் ஆசை என்றால் சரி, ஆனால் ஸ்நார்க்கலை மட்டமாக நினைக்க வேண்டாம். நான் இன்றைக்கும் பாதி நாள் அதோடுதான் திரும்புகிறேன்.

உடம்பு

பயிற்சி மையத்தில் முதலில் ஒரு மருத்துவப் படிவம் நீட்டுவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நுரையீரலில் எப்போதாவது காற்றுக் கசிவு, செவிப்பறையில் ஓட்டை, சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று கேள்விகள் வரும். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' போடுவது நம் ஆட்களின் வழக்கம், பஸ் பிடிக்கிற அவசரம் போல. ஒரு கேள்விக்கு 'ஆம்' என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. டாக்டரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள், அவ்வளவுதான். பொய் எழுதினால் தண்ணீருக்கடியில் அந்தப் பொய்க்கு ஆள் நீங்கள் ஒருவர்தான்.

நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழ்ப் படிப்பில் 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் 10 நிமிடம் கால் ஊன்றாமல் மிதக்கவும் சொல்வார்கள். வேகம் கணக்கில் இல்லை. பத்து வயதுப் பிள்ளைகளிலிருந்து சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரே நாளில் கூட்டிப் போய்க் காட்டும் அறிமுகக் குதிப்பு வேறு, மூன்று நான்கு நாள் படிப்பு வேறு. அறிமுகத்தில் அதிகபட்ச ஆழம் 12 மீட்டர், முதல் நிலைச் சான்றிதழ் இருந்தால் 18 மீட்டர். அறிமுகக் குதிப்பில் ஒரு பயிற்சியாளருக்கு நான்கு பேர் வரை விதிப்படி விடலாம். என்னைக் கேட்டால் முதல் நாளில் ஒருவருக்கு ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். பணம் கூட ஆகும், ஆகட்டும்.

சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கக் கூடாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்குச் சளி இருந்த ஒரு நாளில் ஒரு மையத்தில் "மாத்திரை போட்டுக்கிடுங்க சார், சரியாயிரும்" என்றார்கள். போட்டேன். இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. அடியில் இருக்கும்போதே மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டது. ஏறும்போது காதுக்குள் அடைபட்ட காற்று வெளியே வர வழியில்லாமல் கம்பியால் குத்துவது போல வலி. ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நின்று நின்று ஏறினேன். அதன் பிறகு ஒரு வாரம் வலது காதில் யாரோ தண்ணீர்ப் பானைக்குள்ளிருந்து பேசுவது மாதிரியே இருந்தது.

வீட்டிலேயே செய்யக் கூடிய பயிற்சி

முகமூடியும் மூச்சுக்குழாயும் மட்டும் முதலில் வாங்கிக்கொள்ளலாம். மற்ற எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். முகமூடியை வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. மீசை வைத்தவர்களுக்கு இது ஒட்டாது. நம் பக்கத்து மீசைக்கு எந்த சிலிகான் விளிம்பும் ஈடு கொடுக்காது, மூக்குக்குக் கீழே சன்னமாக ஒரு கோடு வழித்துக்கொண்டால் போதும். கௌரவத்துக்குக் குறைவில்லை, வெளியே தெரியாது.

அடுத்தது அண்டாப் பயிற்சி. வீட்டில் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, முகமூடி இல்லாமல், மூச்சுக்குழாயை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு முகத்தை உள்ளே வையுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். மூக்கு தண்ணீரில் நனைந்திருக்க, வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். முதல் தடவை மூக்கில் ஏறிப் புரையேறும். பத்து நாள் செய்தால் மூக்கும் வாயும் தனித்தனி ஆட்கள் என்று மூளைக்கு உறைக்கும். கடலுக்கடியில் முகமூடிக்குள் தண்ணீர் புகும்போது பதறுகிறவர்கள் எல்லாம் இந்த ஒரு விஷயம் பழகாதவர்கள்தான். வீட்டில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முகமூடியில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது எளிது. மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைக் கொஞ்சம் மேலே தூக்கி, மூக்கால் ஊத வேண்டும். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் எச்சில் தடவி அலசுவதுதான் உலகம் முழுக்க உள்ள வைத்தியம்.

நீச்சல் குளத்தில் கருவிகளைப் பழகும்போது எடை விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி குளத்தில் எவ்வளவு சரியாக இருந்ததோ அது கடலில் போதாது. உப்புத் தண்ணீர் நம்மை அதிகம் தூக்கும். உங்கள் உடம்பும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் கடலில் இரண்டு இரண்டரை கிலோ கூடத் தேவைப்படும். அதோடு இன்னொன்று, காற்றுக்கும் எடை உண்டு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று 3 கிலோவுக்குப் பக்கம் வரும். (இந்த 'பார்' அழுத்த அளவு, மீனவர்களின் பார் இல்லை.) காற்று தீரத் தீர நீங்கள் லேசாகிக்கொண்டே வருவீர்கள். கரையோரப் பாறையில் நாம் இருக்கும் ஆழமே நாலைந்து மீட்டர்தான். அங்கே கடைசிப் பத்து நிமிடத்தில் லேசாகிவிட்டால் பலூன் மாதிரி மேலே போக வேண்டியதுதான். ஆகவே எடையை முழுச் சிலிண்டரோடு பார்க்காமல், கிட்டத்தட்டக் காலியான சிலிண்டரோடு சரி பாருங்கள்.

மூச்சும் காதும்

"அஞ்சு மீட்டர்தானே, இதுல என்ன இருக்கு?" என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பகுதி. ஆழம் குறைந்தால் ஆபத்து குறைவு என்பது பாதிதான் சரி. கடல் மட்டத்தில் நம் மேல் இருக்கும் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரட்டிப்பாகிறது. அடுத்த இரட்டிப்புக்கு 30 மீட்டர் போக வேண்டும். அதாவது காற்று சுருங்குவதும் விரிவதும் மிக வேகமாக நடப்பது மேலே உள்ள இந்தப் பத்து மீட்டரில்தான். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலுக்கு அவ்வளவு இடம் கிடையாது. ஒன்றரை மீட்டர் ஏறினால் கூட, மூச்சை முழுதாக இழுத்து அடக்கியிருந்தால் காயம் வரலாம். நீச்சல் குளத்து ஆழம் அது.

ஆற்றில் முங்கும்போது இது நடப்பதில்லை. அங்கே மேலே இழுத்த காற்றைத்தான் கீழே கொண்டுபோகிறோம், திரும்பி வரும்போது அது பழைய அளவுக்கே வருகிறது. ஸ்கூபாவில் கீழேயே, அந்த ஆழத்து அழுத்தத்தில், காற்றை இழுக்கிறோம். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் உயிர் இதில்தான் இருக்கிறது. ஆகவே ஒரே விதி: மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். நிதானமாக இழுங்கள், அதைவிட நிதானமாக விடுங்கள். வாயிலிருந்து கருவி கழன்றுவிட்டால் அதைத் தேடும் நேரத்தில் கூட 'ஊ' என்று சன்னமாகக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குறுக்குத்துறைக்காரர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. தண்ணீருக்குள் தலை போனதும் தொண்டை தானாகவே பூட்டிக்கொள்ளும்.

காதுக்கு: வலி வந்த பிறகு சரி செய்வது என்பது கிடையாது, வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். தலை தண்ணீருக்குள் போனதுமே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதுங்கள். காதில் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அரை மீட்டருக்கு ஒரு தடவை இதையே செய்துகொண்டு இறங்குங்கள். அடைத்துக்கொண்டால் பலமாக ஊதக் கூடாது. ஒரு மீட்டர் மேலே வந்து, எச்சில் விழுங்கி, மறுபடி முயலுங்கள். காலை முதலில் விட்டு நேராக நின்றபடி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவது தலைகீழாகப் போவதைவிடக் காதுக்கு சுகம்.

காற்றுக் கணக்கு கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. கடைசி 50 பாரைத் தொடக் கூடாது, அது மேலே வந்து சேர்வதற்கு. மீதி 1,800 லிட்டர். புதியவர் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுப்பார் என்று வைத்துக்கொண்டால், 5 மீட்டர் ஆழத்தில் அது ஒன்றரை மடங்கு. கணக்குப் போட்டால் 48 நிமிடம் வரும். பயந்து வேக வேகமாக மூச்சு விட்டால் அரை மணி நேரத்தில் காலி. 100 பார் வந்ததும் கூட வருபவருக்குச் சைகை காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சங்கு குளிக்கப் போகும் சில வள்ளங்களில் கம்ப்ரஸரிலிருந்து நேராகக் குழாய் போட்டு மூச்சு விட்டுக்கொண்டு இறங்குவார்கள். பரம்பரையாகக் கடலில் கிடப்பவர்கள், வயிற்றுக்காகச் செய்வது. அவர்களிலேயே முடங்கிப்போனவர்கள் உண்டு. இன்ஜின் புகை காற்றோடு கலந்து உள்ளே வந்தால் வாசனை கூடத் தெரியாமல் மயக்கம் வரும். "சும்மா ஒரு தடவை இறங்கிப் பாருங்க" என்று அன்போடு கூப்பிட்டாலும் கும்பிட்டு விலகிவிடுங்கள்.

சைகையும் துணையும்

தண்ணீருக்கடியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை. 'மேலே போகலாம்' என்று அர்த்தம். என்னோடு வந்த பாளையங்கோட்டை நண்பர் ஒரு கிளிமீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்ட, பயிற்சியாளர் அவரை மூன்று தடவை மேலே கூட்டிக்கொண்டு போனார். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். ஏதோ சரியில்லை என்றால் விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, எங்கே என்று விரலால் சுட்டுங்கள். காற்று இல்லை என்றால் கழுத்தை வெட்டுவது போலக் கையை இழுக்க வேண்டும். நம் தலையாட்டல் அங்கே செல்லாது.

தனியாக இறங்கவே கூடாது. இது வெள்ளைக்காரன் விதி மட்டும் இல்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தில் குளிப்பவர் இடுப்பில் கயிறு இருக்கும், மறுமுனை வள்ளத்தில் ஒருவர் கையில் இருக்கும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது அவன் கவனமாக இருப்பான் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. மச்சான் கணக்கு இன்னும் செல்லும். துணைக்கு வருபவரின் மாற்று மூச்சுக்கருவி எங்கே தொங்குகிறது, எடைப் பட்டையின் கொக்கி எந்தப் பக்கம் கழலும் என்பதை வள்ளத்திலேயே ஒருவருக்கொருவர் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பது

ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் கடலுக்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு கலங்கல் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி வந்தால் கரையோரம் முழுக்கச் செம்மண் நிறம்தான். தை பிறந்து, வாடை தணிந்து, தண்ணீர் தெளியும். சித்திரைக்குப் பிறகு கச்சான் என்கிற மேல்காற்று எடுக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று. மே முடிந்து செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாவில் அடிமணல் கிளம்பி, நீட்டிய கை தெரியாத நாட்கள் அதிகம்.

நாளைப் போலவே நேரமும் முக்கியம். விடிகாலையில் காற்று படுத்திருக்கும். ஒன்பது பத்து மணிக்கு மேல் சிலுசிலுப்பு தொடங்கும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று வள்ளக்காரரிடம் கேட்டு, முதலில் அதை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது களைத்திருப்பீர்கள், அது தள்ளிக்கொண்டு வரும். வள்ளக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு வேண்டாம்" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. கைபேசியில் எந்தச் செயலி என்ன காட்டினாலும் சரி.

முந்தின ராத்திரி எண்ணெய்ப் பரோட்டா வேண்டாம். காலையில் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, அலையில் குமட்டும். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கை பனியன் மேல். களிம்பில் உள்ள சில ரசாயனங்கள் பவளத்துக்கு ஆகாது.

கால்

இப்போது இரண்டாவது பழக்கம். இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சரியாகச் சொல்லவில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

அன்றைக்கு ஆழம் நாலு மீட்டர்தான். தண்ணீர் நல்ல தெளிவு. ஓரா மீன் கூட்டம் ஒன்று பாசியைக் கொறித்துக்கொண்டு போயிற்று. கிளிமீன் பாறையைக் கடிக்கும் 'கறக் கறக்' சத்தம் காதில் கேட்டது. தண்ணீருக்குள் சத்தம் நன்றாகக் கேட்கும். அதைப் பார்க்கத் திரும்பும்போது முகமூடி விலகி உப்புத் தண்ணீர் கண்ணில் ஏறியது. அண்டாவில் படித்ததெல்லாம் மறந்துபோய், உடம்பு செங்குத்தாகி, கால் கீழே போயிற்று. தாமிரபரணியில் முப்பது வருடமாகத் தேடிய அதே தரையைத் தேடி. முதலில் துடுப்புச் செருப்பு எதிலோ தட்டியது. பிறகு 'நொறுக்'. மொறுமொறுப்பான முறுக்கை ஒடிக்கும்போது வருமே, அதே சத்தம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மான்கொம்புப் பவளத்தின் ஒரு கிளை விரல் நீளத்துக்கு ஒடிந்து மணலில் கிடந்தது. வெளியே தவிட்டு நிறம், ஒடிந்த வாய் சுண்ணாம்பு வெள்ளை. அந்த விரல் நீளம் அது கிட்டத்தட்ட ஒரு வருடம் வளர்ந்த வளர்ச்சி. நல்லவேளை மான்கொம்பு, வேகமாக வளரும் இனம். பக்கத்தில் இருந்த உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. என் கணுக்காலில் நாலு கீறல். அப்போது எரியக்கூட இல்லை. இரண்டு நாளில் வீங்கி, ஆற மூன்று வாரம் ஆயிற்று. பவளத்தின் மேல்தோலும் சுண்ணாம்புத் துகளும் காயத்துக்குள் தங்கிவிடுவதுதான் காரணம். உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும்.

இதைத் தவிர்ப்பது இப்படி. தண்ணீருக்குள் எப்போதும் படுத்த வாக்கில் இருங்கள், பாயில் குப்புறப் படுத்த மாதிரி. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, துடுப்புகள் உடம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். மேலும் கீழும் அடிக்காமல் தவளை மாதிரி பக்கவாட்டில் உதையுங்கள். மேலும் கீழும் அடித்தால் மணல் கிளம்பிப் பவளத்தின் மேல் படியும். பவளத்துக்கு அது மூச்சுத் திணறல். தொங்குகிற கருவிகளை எல்லாம் மிதவைச் சட்டையின் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரி செய்யும் சட்டை) கொக்கியில் மாட்டுங்கள். பாறைக்கும் உங்கள் வயிற்றுக்கும் ஒரு கை நீள இடைவெளி இருக்க வேண்டும்.

உயரத்தைக் கட்டுப்படுத்த மூச்சே போதும். இழுத்தால் ஒன்றிரண்டு விநாடி கழித்து மெல்ல உயர்வீர்கள், விட்டால் மெல்ல இறங்குவீர்கள். அந்த ஒன்றிரண்டு விநாடித் தாமதம்தான் புதியவர்களை ஏமாற்றும். இழுத்ததும் உயரவில்லையே என்று மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றுவார்கள், இரண்டும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்விடும். நீச்சல் குளத்தில் தரையைத் தொடாமல், கையை ஆட்டாமல், ஒரே உயரத்தில் ஐந்து நிமிடம் அந்தரத்தில் நிற்க வரும்வரை பவளப்பாறைக்குப் போகாதீர்கள். அது வராதவர்களை மணல் தரைக்கு மேல் மட்டும் கூட்டிப் போகிற பயிற்சியாளர்தான் நல்ல பயிற்சியாளர்.

தடுமாறினால் என்ன செய்வது? மூச்சை இழுங்கள், கொஞ்சம் உயர்வீர்கள். பாறையை விட்டு விலகி மணல் பக்கம் போங்கள். அங்கே வேண்டுமானால் விரல் நுனியை ஊன்றிக்கொள்ளுங்கள், அதற்கு முன் மணலில் திருக்கை புதைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். திருக்கை முள்ளோ கல்மீன் முள்ளோ குத்திவிட்டால், பொறுக்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், காயத்தை அமிழ்த்தி வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கையுறை வேண்டாம் என்பது என் கட்சி. கையுறை போட்டவன் எதையாவது பிடிப்பான். கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள், உள்ளே இருக்கும் பூச்சிக்கு விஷ ஊசி உண்டு.

வெயில் காலத்தில் வெள்ளை வெளேரென்று பவளத்தைப் பார்த்தால் "எவ்வளவு அழகு" என்று படம் எடுக்க வேண்டாம். தண்ணீர் சூடாகும்போது தனக்குச் சாப்பாடு போடும் பாசியை அது வெளியேற்றிவிடுகிறது, அந்தப் பட்டினி வெளுப்புதான் அது. 2010-லும் 2016-லும் இங்கே பெரிய அளவில் நடந்தது. சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பிழைக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் போய் மணலைக் கிளப்பாமல் இருந்தாலே உபகாரம்.

ஏறும்போதும், ஏறிய பிறகும்

உங்கள் குமிழிகளில் மிகச் சின்னதை முந்தாமல் ஏறுங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டர் என்பது கணக்கு. 10 மீட்டருக்குக் கீழே போயிருந்தால் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள். தலைக்கு மேல் ஒரு கையை உயர்த்தி, சுற்றிப் பார்த்து, இன்ஜின் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்து வெளியே வாருங்கள். மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றிய பிறகுதான் வாய்க்கருவியை எடுக்க வேண்டும்.

மூட்டு வலி, தோலில் அரிப்பும் புள்ளியும், கை கால் மரத்துப்போவது, நெஞ்சு வலி, அசாதாரணச் சோர்வு இவற்றில் எது வந்தாலும் "தூங்கி எழுந்தா சரியாயிரும்" என்று விடாதீர்கள். ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி, 108-ஐ அழைத்து, ஸ்கூபா செய்தவர் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது தோன்றாது. கடலில் இருக்கும்போதே ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் வள்ளம் ஏறும் முன் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்று ஒன்று. காலையில் கடல், சாயங்காலம் மலை என்று திட்டம் போடாதீர்கள். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், அதற்குள் உயரம் ஏறினால் அது குமிழியாகி மேலே சொன்ன தொந்தரவுகளைக் கொண்டுவரும். ஒரு தடவை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல தடவை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பொது விதி. வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில், சாயங்கால விமானம் பிடிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் மாஞ்சோலைக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி ஏறுவதும் பாதி விமானம் ஏறுவது மாதிரிதான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கடலை முதலில் வைத்தால் மலைக்கு மறுநாள் போங்கள். மலையை முதலில் வைத்தால் எந்தச் சிக்கலும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சாமான்களை உப்புப் போக நல்ல தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போடுங்கள். பயிற்சிக்கு வைத்த அண்டா இதற்கும் ஆகும். குதிப்பேட்டில், அதாவது ஒவ்வொரு முறை இறங்கியதையும் குறித்து வைக்கும் ஏட்டில், அன்றே எழுதிவிடுங்கள்: இடம், ஆழம், எத்தனை நிமிடம், எத்தனை கிலோ ஈயம், மீதிக் காற்று, தண்ணீர் தெளிவா கலங்கலா. என் ஏட்டில் அந்த நாலு மீட்டர் நாளுக்கு எதிரே, மீன் பெயர்களுக்கு அடுத்த வரியில், "மான்கொம்பு ஒரு கிளை, என் கால்" என்று இருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்தில் ஈயத்தை ஒரு கிலோ குறைத்திருக்கிறேன்.